ரன்வே வியூ சைட்

(சூலூர் விமானப்படைத் தளத்தை ஒட்டி, காங்கயம்பாளையம் பக்கம் ஒரு டீக்கடை. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், லேஅவுட் படத்தோடு நிலப் புரோக்கர் ஒருவர். தலைக்கு மேல் தேஜஸ் போர் விமானம் ஒன்று கடந்து போகும்வரை புரோக்கரின் வாய் மட்டும் அசைந்தது.)

புரோக்கர்: ...அதானுங் அப்புச்சி, டெய்லி ஏர் ஷோ, டிக்கெட்டே இல்லாம! 2018-ல தேஜஸ் வந்துச்சு, 2020-ல ரெண்டாவது படைப்பிரிவும் வந்துச்சு. அக்கட்டால வாரப்பட்டியில பாதுகாப்புத் தொழில் பூங்கா. சென்ட் வெலை இனி எறங்கவே எறங்காதுங்க.

பெரியவர்: வெலை எறங்காது, செரி. ஏரோப்ளேன் எறங்குனா?

புரோக்கர்: அது ரன்வேலதானுங்க எறங்கும்!

பெரியவர்: 2025 ஜூன் 12-ல அகமதாபாத்துல எங்க கண்ணு எறங்குச்சு? மெடிக்கல் காலேஜ் ஆஸ்டல் மேல. பசங்க மத்தியானச் சோறு திங்கற நேரம்.

புரோக்கர்: (குரலைத் தணித்து) அது பெரிய பிளேனுங்க. இது சின்னது.

பெரியவர்: ஆமா, சின்னது. இஞ்சினும் ஒண்ணே ஒண்ணுதான்.

புரோக்கர்: அதுக்குத்தான் 1903-லயே சட்டம் போட்டு வெச்சிருக்கறாங்களே! தளத்துச் செவுத்துகிட்டக் கட்டக்கூடாது, உசரமாக் கட்டக்கூடாது, எல்லாத்துக்கும் என்ஓசி.

பெரியவர்: கர்சன் துரை காலத்துச் சட்டம். நம்மகிட்ட இருந்து கோட்டையக் காப்பாத்தப் போட்டது. நம்மளை ஆரு காப்பாத்தறது? அமெரிக்காக்காரன் போர் விமான ரன்வே முனையில இருந்து 15,000 அடிக்குக் கணக்குப் போட்டு வெச்சிருக்கறான். மொத 3,000 அடியில கட்டடமே ஆகாது. அடுத்த 5,000-ல வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வேண்டாங்கறான். கடைசி 7,000-ல கட்டிக்கோ, ஆனா நெருக்கி அடிக்காதேங்கறான். உன்ற சைட்டு எத்தனை அடியில வருது?

புரோக்கர்: அங்கெல்லாம் நெலம் கெடக்குதுங்க. நம்மூர்ல அடியப் பாத்தா ஆவுங்களா? குர்கான்ல விமானப்படை வெடிமருந்துக் கிடங்கைச் சுத்தி 900 மீட்டர்னு போர்டு வெச்சாங்க. உள்ளாறயே காலனி காலனியாக் கட்டிப் போட்டாங்க. மொதல்ல கட்டோணுங்க, அப்புறமேலுக்குக் கோர்ட்டுப் பாத்துக்கும்.

பெரியவர்: செரி, கட்டடத்துக்குக் கோர்ட்டு. கொட்டற கோழிக் கழிவுக்கும் கோர்ட்டா? 1937-ம் வருசத்து விமான விதிகள்ல 91-ம் விதி: ஏர்போர்ட்டைச் சுத்தி 10 கிலோமீட்டருக்குப் பறவைய இழுக்கற மாதிரி கறி அறுக்கவும் ஆகாது, கழிவு கொட்டவும் ஆகாது. இங்க ராத்திரியோட ராத்திரியா மூட்டை மூட்டையாக் கோழிக் கொடலக் கொட்டீட்டுப் போறானுக. விடிஞ்சாப் பருந்து வட்டம் போடுது. ஒரு பருந்து இஞ்சினுக்குள்ளாற போனாப் போதும். எதிரி நாட்டுக்காரன் நம்ம பிளேனை விழத்தாட்ட ஏவுகணை வாங்கோணும்; நாம சிக்கன் வாங்குனாப் போதும்.

புரோக்கர்: நெம்ப வெவரமுங்க நீங்க. செரி, எத்தனை சென்ட் எழுதட்டுங்க?

பெரியவர்: வாங்க வந்தேன்னு ஆரு சொன்னா? ரன்வே முனைக்கு நேரா எனக்கு மூணு ஏக்கர் தோப்பு இருக்குது. நீ சொன்ன வெலைக்கே முடிச்சுக் குடு.

புரோக்கர்: (படத்தைச் சுருட்டியபடி) முனைக்கு நேராவுங்களா? அட கெரகமே! 3,000 அடிக்குள்ளல்ல வரும்? மேல ஒத்தை இஞ்சின், கீழ கோழிக் கொடல், என்ஓசி வேற... பாதி வெலைன்னா யோசிக்கலாமுங்க.

பெரியவர்: அட, அந்தப் பக்கம் பருந்தே வராது கண்ணு. வந்தாலும் ஓரமாத்தான் பறக்கும்.