நாற்பது நாளில் மீனாதல்: ஒரு சிற்றாய்வு

சார்லஸ் டார்வின் 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டபோது ஒரு முக்கியமான மாற்றத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார். கோடிக்கணக்கான ஆண்டுகள் கேட்காத மாற்றம் அது. சாம்பல் புதன் காலையில் தொடங்கும். ஈஸ்டர் ஞாயிறு மதியம் பந்தி பரிமாறுவதற்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இடைப்பட்ட காலத்தில் வாத்து மீனாகும், எலி மீனாகும், முதலை மீனாகும். அறுபது கிலோ எடையுள்ள, உடம்பெல்லாம் முடி முளைத்த, குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணி ஒன்றும் மீனாகும். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பதிவாகியுள்ள இந்த அதிசயத்தை விலங்கியல்காரர்கள் கண்டுகொள்ளவே இல்லை. பாவம், இறையியலாளர்கள்தாம் தனியாளாக நின்று இந்தத் துறையை வளர்த்திருக்கிறார்கள்.

ஆய்வென்றால் கலைச்சொல் வேண்டும். பழைய தமிழ்க் கத்தோலிக்கரிடம் இரண்டு அழகான சொற்கள் உண்டு. நாளுக்கு ஒரு வேளை மட்டும் முழுச்சாப்பாடு என்றால் ஒருசந்தி. இறைச்சியை விலக்கினால் சுத்தபோசனம். சி.எஸ்.ஐ. வீடுகளில் இதெல்லாம் சேர்ந்து ‘லெந்து நாள்’. இன்றைய கத்தோலிக்கச் சட்டப்படி 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் கடமை. 18 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு ஒருசந்தியும் கடமை. மீனுக்குத் தடை இல்லை. உலகத்துச் சிக்கலெல்லாம் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பிறந்தது. தமிழ் நாக்கு மீனையும் கவுச்சியில் சேர்த்துவிட்டதால், இங்கே பலர் மீனையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். ரோமாபுரியைவிடக் கண்டிப்பான ஏற்பாடு. ஆனால் நம்மவர்கள் வேறு வாசல் வைத்திருக்கிறார்கள். அதைப் பின்னால் பார்ப்போம்.

மீனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்குக் காரணம் எழுதி வைத்தார். நிலத்தில் வாழ்ந்து காற்றைச் சுவாசிக்கும் பிராணிகளின் இறைச்சி மனித உடம்புக்கு நெருக்கமானது, அதிக இன்பம் தருவது, அதிகச் சத்துள்ளது; மிஞ்சிய சத்து காமத்தில் கொண்டுபோய் விடும். மீனில் இந்த ஆபத்தெல்லாம் குறைவு. தூத்துக்குடியில் ஒரு மதியம் சாப்பிட்டிருந்தால் இந்தப் பத்தியை அவர் திருத்தியிருப்பார் என்பது இவ்வாய்வாளரின் தாழ்மையான கருத்து.

ஆனால் அவ்வளவு தூரம் வர வேண்டியதே இல்லை. 1274இல், லியோன் சங்கத்துக்குப் போகும் வழியில் அக்குவினாஸ் நோயில் விழுந்தார். எதைக் கண்டாலும் பசி எடுக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டபோது, பிரான்சில் சாப்பிட்ட ஹெர்ரிங் மீன் புதிதாகக் கிடைத்தால் தேவலை என்றாராம். இத்தாலியில் அந்த மீனுக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்து மீன்காரர் ஒருவர் வந்தார். கூடையில் மத்திதான் இருக்கிறது என்றார். திறந்து பார்த்தால் அத்தனையும் ஹெர்ரிங். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கான விசாரணையில் இது சாட்சியமாகவே பதிவானது. மீனில் இன்பம் குறைவு என்று தீர்ப்பெழுதிய மகான், கடைசி நாட்களில் ஆசைப்பட்டது மீனுக்கு. கண்டிக்க மனம் வரவில்லை. கூடை நிறைய, கேட்டதற்கு மேல் கிடைத்த அந்த மீன் இக்கட்டுரையின் முடிவில் மறுபடியும் தேவைப்படும்.

இனி மாதிரிகள்.

முதல் மாதிரி, அயர்லாந்துக் கடற்கரையின் காட்டு வாத்து. குஞ்சு பொரிப்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் அது தொலைதூர வட துருவப் பக்கம் போய்க் குஞ்சு பொரிக்கிறது. ஆகவே அது மிதக்கும் கட்டையில் ஒட்டிக்கொள்ளும் சிப்பிப் பூச்சியிலிருந்து முளைக்கிறது என்று நம்பினார்கள். முட்டையில் பிறக்காதது இறைச்சியாக முடியாது. இறைச்சி அல்லாததைத் தவக்காலத்தில் தின்னலாம். 12ஆம் நூற்றாண்டில் ஜெரால்டு என்ற வேல்ஸ் நாட்டுக் குருவானவர், ஆயர்களும் துறவியரும்கூட மனச்சாட்சி உறுத்தாமல் இதைச் சாப்பிடுவதாக எழுதினார். பின்னர் மூன்றாம் இன்னொசெந்து பாப்பரசர் இதற்குத் தடை போட்டார். இரண்டாம் பிரெடெரிக் பேரரசரோ சிப்பிகளை வரவழைத்து, பிரித்துப் பார்த்து, உள்ளே வாத்துமில்லை இறகுமில்லை என்று கைவிரித்தார். வாத்து மறுபடி வாத்தானது.

இரண்டாவது மாதிரி பீவர். பல்லால் மரத்தை அரித்து ஆற்றில் அணை கட்டும் கனடாப் பிராணி. 17ஆம் நூற்றாண்டில் கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்களுக்கு இது மீனா என்ற சந்தேகம் வந்தது. யேசு சபைக் குருவான ஷார்லவுவா எழுதியிருப்பதைப் பார்த்தால், பாரிஸ் மருத்துவர்கள் அதன் வாலை வைத்து மீன் என்று முடிவு செய்தார்கள்; இறையியல் பேராசிரியர்கள் அதை ஏற்றுத் தின்னலாம் என்றார்கள். வால் மீனென்றால் முன்பக்கம் எப்படி மீனாகும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பசி நேரத்தில் அப்படிக் கேட்பவரை யாரும் பந்திக்குக் கூப்பிடுவதில்லை.

தென்னமெரிக்காவில் கேப்பிபாரா. உலகிலேயே பெரிய கொறிக்கும் பிராணி. ஆரம்பத்தில் சொன்ன அறுபது கிலோக்காரர் இவர்தான். வெனிசுவேலாவில் பெரிய வாரத்தில் இதன் இறைச்சியை உப்பிட்டுக் காயவைத்துச் சமைக்கிறார்கள். நம் ஊரில் இந்தப் பக்குவத்துக்கு உப்புக்கண்டம் என்று பெயர். அங்கே அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அது கருவாடு. அமெரிக்காவின் லூசியானாவில் முதலையும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. 2010இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் கிரெகரி ஏமண்டிடம் ஒருவர் கேட்டு எழுத, முதலை மீன் வகையில்தான் வரும் என்று பதில் கடிதம் வந்தது.

இவற்றிலிருந்து ஒரு விதியை நிறுவலாம்: ஒரு பிராணி எவ்வளவு ருசியோ, அவ்வளவு சீக்கிரம் அது மீனாகும். விதிக்கு ஒரே விலக்கு மிச்சிகன் மாநிலத்து நீரெலி. அதையும் மீனாக்கித் தின்கிறார்கள். 1987இல் லான்சிங் ஆயர் கென்னத் போவிஷ், நீரெலியைச் சாப்பிட முடிந்தவர் மாபெரும் புனிதர்களுக்கு ஈடான தவத்தைத்தான் செய்கிறார் என்ற பொருளில் கருத்துச் சொன்னார். இவ்வாய்வில் சந்தித்த ஆயர்களில் நோன்பின் நோக்கம் நினைவிருந்தவர் இவர் ஒருவரே.

மீன் மீனாகவே வந்த வரலாறும் உண்டு. சின்சினாட்டியில் கத்தோலிக்கர் மிகுந்த பகுதியில் மெக்டொனால்ட்ஸ் கடை வைத்திருந்த லூ குரோன், வெள்ளிக்கிழமைகளில் வியாபாரம் படுத்துவிடுவதைக் கண்டு மீன் பர்கரைக் கொண்டுவந்தார். நிறுவனத்தின் தலைவர் ரே கிராக் மீன் நாற்றமே வேண்டாம் என்று, அன்னாசித் துண்டு வைத்த பர்கரை முன்வைத்தார். 1962 பெரிய வெள்ளியன்று இரண்டுக்கும் போட்டி. மீன் 350 விற்றது, அன்னாசி 6. ஒறுத்தல் என்ற வகையில் பார்த்தால் அன்னாசிதான் சரியான தவம். அந்த ஆறு பேர் யாரென்று தெரிந்தால் கும்பிடலாம்.

பிராணியை மீனாக்க முடியாத இடத்தில் அதை மறைக்கலாம். ஜெர்மனியின் சுவாபியா பகுதியில் மௌல்டாஷன் என்று ஒரு பண்டம். மாவுப் பொட்டலத்துக்குள் கீரையோடு கலந்த இறைச்சி இருக்கும். மௌல்புரோன் மடத்துத் துறவிகள் தவக்காலத்தில் கடவுள் கண்ணில் படாமல் இறைச்சி தின்ன இதைக் கண்டுபிடித்தார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. கதை மெய்யோ பொய்யோ, ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயருக்கு ‘ஆண்டவரை ஏய்ப்பது’ என்று பொருள். செய்வதை ஒளிக்காமல் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் அறிந்தவருக்கு மைதாவின் தடிமன் ஒரு பொருட்டா என்று இவ்வாய்வாளர் கொஞ்ச நேரம் யோசித்ததுண்டு.

மறைக்கவும் வழியில்லையா? காசு இருக்கிறது. வெண்ணெய்க்கும் பாலுக்கும்கூடத் தடையிருந்த காலத்தில், கட்டணம் செலுத்தினால் விலக்கு உண்டு. பிரான்சின் ரூவான் பேராலயத்தில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பத் தொடங்கிய கோபுரத்துக்கு இன்றைக்கும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றுதான் பெயர். வெண்ணெய் தின்றவர்களின் காணிக்கையில் எழுந்தது. 1491இல் எட்டாம் இன்னொசெந்து பாப்பரசர் சாக்சனிக்கும் இப்படியோர் அனுமதி தந்தார். பிற்பாடு சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் இதைப் பிடித்துக்கொண்டு 1520இல் விளாசித் தள்ளினார்.

அடுத்தது திரவம். இது பெரிய அத்தியாயம். சாக்லேட் ஐரோப்பாவுக்குள் வந்ததும் அது உணவா பானமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கென்றே அந்தோனியோ தெ லெயோன் பினேலோ 1636இல் மத்ரித்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1664இல் கர்தினால் பிரான்செஸ்கோ மரியா பிரங்காச்சோ தனி ஆய்வுரையே வெளியிட்டார். திரவம் ஒருசந்தியைக் கெடுக்காது என்பது அவர் தீர்ப்பு.

கர்தினாலின் இந்தக் கோட்பாடு தெற்கே எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய இவ்வாய்வாளர் கள ஆய்வு மேற்கொண்டார். இடம், நெல்லைப் பக்கம் ஒரு பரோட்டாக் கடை. நேரம், லெந்து வெள்ளி இரவு ஒன்பது. உபவாசக் கூட்டம் முடிந்து, கையில் வேதாகமத்தோடு வந்த பெரியவர் ஒருவர், வேதாகமத்தை எண்ணெய் படாத மூலையில் பத்திரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பரோட்டா வந்தது. பையன் கோழிச் சால்னா வாளியோடு நின்றான்.

“தம்பி, பீஸ் போட்டுராத. லெந்து நாளு. சால்னா மட்டும் ஊத்து.”

“வெறும் குருமா இருக்கு அண்ணாச்சி. அத ஊத்தட்டா?”

“அது சவசவன்னு இருக்கும்டே. இதையே ஊத்து.”

பிரங்காச்சோ கல்லறையில் நிம்மதியாகப் புரண்டு படுத்திருப்பார்.

இவரை வெளிவேடக்காரர் என்று சொல்லலாமா? சொல்லுக்கு வரலாறு இருக்கிறது. நற்செய்தியில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு மேடையில் நடிப்பவன் என்று பொருள். ‘மாயக்காரர்’, ‘வெளிவேடக்காரர்’ என்று தமிழில் சொல்வது அவரைத்தான். நோன்பிருக்கும்போது முகத்தை வாட வைத்துக்கொள்ளாதே, தலையில் எண்ணெய் வைத்து முகம் கழுவு என்று இயேசு சொன்னது மத்தேயுவில் இருக்கிறது. இதை முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கிடைத்த திதாக்கே என்ற மிகப் பழைய கையேடு சொல்கிறது: வெளிவேடக்காரர்கள் திங்களும் வியாழனும் நோன்பிருக்கிறார்கள்; நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள். முடிந்தது. நோயைக் கிழமை மாற்றிக் குணப்படுத்திய மருத்துவம் இது ஒன்றுதான்.

இத்தனை சட்டமும் எதற்கு, கிருபையே போதும் என்று கிளம்பியவர்கள் கதைக்கு வருவோம். 1522 மார்ச் 9, சூரிச் நகரம். அச்சுக்கூடம் நடத்திய கிறிஸ்டோப் புரோஷவர் வீட்டில், தவக்காலத் தொடக்கத்திலேயே, உப்பும் புகையும் ஏறிய இரண்டு தொத்திறைச்சிகளைத் துண்டு போட்டு வந்தவர்களுக்குப் பரிமாறினார்கள். பிராங்க்பர்ட் சந்தைக்குள் புத்தகம் முடிய வேண்டும், ஆட்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள், கூழை மட்டும் ஊற்றி வேலை வாங்க முடியாது என்பது அச்சகத்தாரின் வாதம். விவகாரம் நகரசபை வரை போய், சுவிஸ் சீர்திருத்தமே அங்கிருந்து சூடுபிடித்தது. இதில் ரசமான பாத்திரம் அந்நகரின் போதகர் உல்ரிக் சுவிங்லி. அவரும் அந்த அறையில்தான் இருந்தார். தின்னவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தின்பவனின் சுதந்திரத்தை ஆதரித்துப் பிரசங்கம் செய்தார். தொத்திறைச்சியைத் தொடாமலே அதற்காகச் சபையைப் பிளந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

சட்டம் போனால் ஏமாற்றும் போகும் என்றுதானே எதிர்பார்ப்போம். போகவில்லை, கிருபையே ஓர் ஓட்டையானது. கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்ற கேள்வியைப் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்திலேயே எழுப்பி, கூடவே கூடாது என்கிறார். யாரும் நினைக்காத ஒன்றை அவ்வளவு வேகமாக மறுக்க வேண்டியதில்லை. ஊரில் பேச்சு அடிபட்டிருக்கிறது. 1937இல் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் இதற்கு ‘மலிவான கிருபை’ என்று பெயர் வைத்தார். ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘கிருபையா இருக்கோம்’ என்று பதில் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறுக்குக் கிளம்புகிறவர்களை அவர் பார்த்திருக்கத் தேவையில்லை. ஜெர்மனியிலும் வேலி உண்டு.

கிருபையை நம்புவதென்றால் உண்மையில் என்ன என்பதற்குச் சாப்பாட்டு மேசையிலிருந்தே சாட்சி இருக்கிறது. அகுஸ்தினார், ஆயரான பிறகு எழுதிய ‘பாவ அறிக்கை’யின் பத்தாம் பகுதியில், பசியை மருந்து மாதிரி ஆற்றப் போனால் போகிற வழியிலேயே ஆசை கண்ணி வைத்துவிடுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஆரோக்கியத்துக்காகத் தின்கிறோமா, ருசிக்காகவா என்று தெளிவில்லாமல் இருப்பதே மனதுக்கு வசதியாக இருக்கிறது என்கிறார். குடிவெறி தன்னிடம் இல்லை, அளவு மீறித் தின்பது சில சமயம் நேர்கிறது என்றும் எழுதுகிறார். பீவரின் வாலைத் தேடவில்லை. கட்டளையிடுகிறவரே அதைச் செய்யும் திராணியையும் தரட்டும் என்று மட்டும் கேட்கிறார். இந்த வேண்டுதலை ரோமில் ஓர் ஆயர் எடுத்துச் சொல்லக் கேட்ட பெலாஜியுஸ் என்ற துறவி கொதித்துப்போனார். முயன்றால் மனிதனால் முடியும் என்பது அவர் கட்சி. மேலைத் திருச்சபை கிருபையைப் பற்றிச் செய்த மிகப் பெரிய சண்டைக்கு இதுவும் ஒரு பொறி. 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் கட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

தகுதி பார்க்காமல், உழைப்பைக் கணக்கெடுக்காமல், மத்தி என்று நினைத்துத் திறந்த கூடையில் ஹெர்ரிங்காகக் கிடப்பது கிருபை. இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு பரோட்டாக் கடைக்குத் திரும்பலாம். பெரியவர் முதல் பரோட்டாவை முடித்துவிட்டார். இரண்டாவது காய்ந்து கிடக்கிறது. பையன் மறுபடி வாளியோடு வந்து ஒரு கரண்டி சாய்த்தான். சால்னாவோடு சேர்ந்து கணிசமான ஒரு நெஞ்சுத் துண்டு இலையில் விழுந்தது.

“ஐயோ அண்ணாச்சி, பீஸ் வந்துட்டு. எடுத்துரட்டா?”

பெரியவர் இலையைப் பார்த்தார். மூலையில் இருந்த வேதாகமத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார்.

“நான் கேக்கலியேடே. தானா வந்துருக்கு,” என்றார். “கெடக்கட்டும். கிருபைல்லா.”