தனியாக உட்கார ஓரிடம்: நாஞ்சில் நாட்டு வழிகாட்டி

1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்த ஓர் இளம் துறவிக்குத் தனியாக உட்கார்ந்து யோசிக்க ஓரிடம் வேண்டியிருந்தது. கோயில் இருந்தது, நீண்ட கடற்கரை இருந்தது, மர நிழலுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அவர் கடலில் நீந்திப் போய் ஒரு பாறையில் ஏறித்தான் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். விவேகானந்தர் ஏன் அவ்வளவு சிரமப்பட்டார் என்பதற்கு ஆன்மிக விளக்கங்கள் பல உண்டு. நாகர்கோவில்காரர்களுக்கு அவை தேவைப்படாது. கரையில் உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் யாராவது பக்கத்தில் வந்து, “சாமிக்கு எந்த ஊரு?” என்று ஆரம்பித்திருப்பார்கள். 1970இல் அந்தப் பாறையில் நினைவு மண்டபமும் வந்தது. ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்த இடத்தைப் பார்க்க இப்போது நாள்தோறும் கூட்டம் படகுக்கு வரிசையில் நிற்கிறது.

பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தத் துறவியின் பிரச்சினைதான். “இங்க உக்காந்து வாசிக்க, எழுத நல்ல இடம் உண்டா?” என்று கேட்கிறார்கள். வீட்டில் திண்ணை இருக்கிறதே என்றால் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு மூலை, ஒரு கோப்பை, தெருவைப் பார்த்த ஜன்னல். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, ஆனால் நிறையப் பேர் கண்ணில் பட வேண்டும். நாஞ்சில் நாட்டில் இதுவும் கிடைக்கும். கொஞ்சம் முறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அடிப்படை விதி: நீங்கள் ஊரை வேடிக்கை பார்க்கத் தொடங்குமுன் ஊர் உங்களைப் பார்த்து முடித்திருக்கும். சாயாக்கடை பெஞ்சில் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

“தம்பி எந்த ஊரு?”

“இங்கதான், பார்வதிபுரம்.”

“பார்வதிபுரத்துல யாருக்க மவன்?”

அப்பா பெயரைச் சொல்வீர்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஊர் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வருவார்.

“கரண்டாபீஸ்ல இருந்தாரே, அவரா? அவருக்க மூத்த தங்கச்சியை எங்க சித்தப்பாக்க மச்சினன்லா கெட்டியிருக்கான். அப்ப நீ நமக்கு மருமவன் மொறை. என்ன படிக்க, பரீட்சையா?”

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் கவனம் தேவை. நாவல் என்று உண்மையைச் சொன்னால் விசாரணை நீளும். சம்பளம், கல்யாணம், ஏன் இன்னும் ஆகவில்லை என்று போகும். குரூப் நான்கு என்று சொல்லிவிடுங்கள். வளர்ந்த மனிதன் புத்தகம் திறப்பது சர்க்கார் வேலைக்காகத்தான் இருக்க முடியும் என்பது இங்கே பொது நம்பிக்கை. “நல்லா படி மக்கா” என்று வாழ்த்திவிட்டு, பக்கத்தில் அரசியல் பேசுகிறவர்களையும் பெரியவரே அதட்டி அடக்குவார். அதற்குப் பிறகு கிடைக்கும் அமைதி வேறு எந்த ஊர் காப்பிக்கடையிலும் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஒரு சாயாவுக்குப் பத்து நிமிடம் உட்காரலாம். அதன்பின் கடைக்காரர் கிளாஸை எடுக்க வருவார். எடுத்த கையோடு ஈரத்துணியால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே உங்கள் தொடை வரைக்கும் வருவார். வாயால் எழுந்திரு என்று சொல்லும் வழக்கம் இல்லை. துணி தொடையைத் தொடுமுன் ஒரு ரசவடை சொல்லிவிடுங்கள். பருப்பு வடை ரசத்தில் ஊறி, ஓரமெல்லாம் குழைந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் மொறுமொறுப்பு மிச்சமிருக்கும். அதை அவசரமாகத் தின்ன வராது. ஸ்பூனால் ஓரத்திலிருந்து பிட்டுப் பிட்டுத் தின்று, தட்டின் அடியில் மிளகும் மல்லித்தழையுமாகக் கிடக்கும் ரசத்தையும் உறிஞ்சி முடிப்பதற்குள் ஒரு சிறுகதை வாசித்துவிடலாம். புத்தகத்தை இடது கையில், தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கவும். கவிதைத் தொகுப்பு என்றால் ஒரு பழம்பொரி போதும்.

வியன்னாவில் பீட்டர் ஆல்டன்பெர்க் என்ற எழுத்தாளர் கஃபே சென்ட்ரல் என்கிற காப்பிக்கடையையே தபால் முகவரியாகக் கொடுத்திருந்தாராம். ஐரோப்பா அதை இன்றைக்கும் வியந்து பேசுகிறது. இங்கே கூரியர்காரர் போன் செய்தால் ஊரில் பாதிப்பேர் சொல்வது அதைத்தான்: “முக்கு சாயாக்கடைல குடுத்திருங்க அண்ணே, நான் வாங்கிக்கிடுதேன்.”

ஏசியும் சோபாவும் போட்ட புதுக் காப்பிக்கடைகளும் இப்போது நாகர்கோவிலில் வந்துவிட்டன. விலையையும் பாட்டுச் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டால் போகலாம். உங்களுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தால் ஒரு சௌகரியம் உண்டு. உள்ளே இருக்கும் இளம் ஜோடிகள் உங்களைப் பெண்ணின் தாய்மாமன் என்று பயந்து எழுந்து போய்விடுவார்கள். ஜன்னலோர இடம் காலியாகும்.

இவ்வளவு கூச்சலில் எழுத முடியுமா என்று கேட்கிறவர்கள், இங்கே எழுதியவர்களைப் பார்க்க வேண்டும். சுந்தர ராமசாமி துணிக்கடை நடத்தியவர். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் மிளகாய் வியாபாரி. 1966இல் வந்த சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் நாயகன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் சந்திப்பில் நிற்கும் அந்த மரத்தைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சுற்றிக் கடைகளும் கட்சிகளும் பத்திரிகைகளும் சண்டை போடுகின்றன, கடைசியில் மரத்தையே கொன்றுவிடுகின்றன. அதே மரம் யாரும் வராத ஒரு தோட்டத்து மூலையில் அமைதியாக நின்றிருந்தால் நாவலே கிடையாது. அமைதி கிடைத்தால் எழுதுவேன் என்று சொல்கிறவர்கள் அமைதி கிடைத்ததும் தூங்கிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அப்படித் தூங்குவதற்கும் ஓரிடம் இருக்கிறது, நூலகம். 1948ஆம் வருடச் சட்டப்படி உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். ஆகவே அங்கே ஒரு நாற்காலி உங்கள் சொந்தம், கூச்சப்படாமல் உட்காருங்கள். பத்திரிகைப் பிரிவுக்குப் போனால் மட்டும் ஒழுங்குமுறை தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளிதழ் அங்கே நான்கு தாளாகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருக்கும். விளையாட்டுப் பக்கம் வைத்திருப்பவர் இரங்கல் விளம்பரப் பக்கத்துக்குக் காத்திருப்பார், அதை வைத்திருப்பவர் தாளைக் கீழே வைக்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல காட்சி எது? வெள்ளிக்கிழமை மட்டும் போய் ஏமாறாதீர்கள், விடுமுறை.

பெண் வாசகர்கள் இதுவரை சொன்னதில் பாதி தங்களுக்கு ஆகாது என்று கண்டுபிடித்திருப்பார்கள். சாயாக்கடை பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து புத்தகம் வாசித்தால் சந்திப்பே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகரும். ஊர் இதில் இன்னும் திருந்தவில்லை. அவர்களுக்குச் சுசீந்திரம் கோயில் பிராகாரத்தைச் சொல்வேன். நீளமான கல் மண்டபம், நண்பகலிலும் குளிர்ச்சி. கும்பிட்டுவிட்டுச் சற்று உட்கார்வது முறை என்பதால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆண்களும் போகலாம். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பதால் பேனாவை எங்கே செருகுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளவும்.

சுசீந்திரம் வரைக்கும் வந்தாயிற்று. அப்படியே தேரூர் குளத்துக்குப் போங்கள். இந்த வழிகாட்டியில் நான் மனதறிந்து சிபாரிசு செய்யும் இடம் இதுதான். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. காஸ்பியன் கடலோரத்து ஈரான் நகரம் ராம்சார். 1971இல் உலக நாடுகள் அங்கே கூடி, ஈரநிலங்களைக் காக்க உடன்படிக்கை செய்தன. தேரூருக்கும் ஈரானுக்கும் என்ன சம்பந்தம் என்று குளத்தில் குளிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். சம்பந்தம் பழையது. 1876இல் இதே தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளைதான், நிஷாப்பூரின் உமர் கய்யாமைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். மர நிழலில் புத்தகமும் கையுமாகச் சாய்ந்திருப்பதன் சுகத்தைத் தமிழர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் ஊரில் நீங்கள் நிற்கிறீர்கள். புத்தகம் உங்களிடம் இருக்கிறது. நிழலுக்கும் சாய்வதற்கும்தான் வழியில்லை. கரையில் ஆங்காங்கே முள், எருமை, நல்ல வெயில். தாமரை இலைகளுக்கு அப்பால் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கோடையிலேயே வந்து இடம் பிடித்ததுபோல் நிம்மதியாக நிற்கும். துணி விரித்து உட்காருங்கள். துவர்த்தால் தலையைத் துவட்டிக்கொண்டே ஒருவர் வந்து, “குருவி எண்ணுகதுக்கா வந்திய?” என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும்தான் அடுத்துக் கேட்பார்.

கன்னியாகுமரிக் கடற்கரை ஆட்களை வேடிக்கை பார்க்க மட்டும் உகந்தது. இருட்டோடு எழுந்து, சூரியோதயத்துக்காகக் காத்திருக்கும் வங்காளிகள், குஜராத்திகள், ஈரோட்டுக்காரர்கள் எல்லோரும் சூரியன் தலை காட்டியதும் ஒரே நேரத்தில் அதற்கு முதுகைக் காட்டித் திரும்புவார்கள், செல்பிக்கு. நீங்கள் மட்டும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லோருடைய படத்திலும் விழுவீர்கள். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளம். நடுவே ஒதுங்கி நின்று பத்து நிமிடம் பாருங்கள். வீட்டில் குரலை உயர்த்திப் பேசும் மனிதர்கள் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடப்பதைக் காணலாம். பாறை மேல் உள்ள தியான மண்டபத்தில் பேச்சுக்குத் தடை. எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் அப்பா பெயர் கேட்கப்படாத ஒரே இடம் அதுதான். ஆனால் புத்தகம் வாசிக்க அங்கே வெளிச்சம் போதாது. தடிமனான ரஷ்ய நாவலை முடித்தே தீர வேண்டும் என்கிறவர்கள் ரயில் நிலையத்துக்குப் போய், விவேகானந்தர் பெயரிலேயே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸில் அஸ்ஸாமின் திப்ரூகருக்கு டிக்கெட் எடுக்கலாம். 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஜன்னலோரம் உங்களுக்கே.

ஆரல்வாய்மொழிப் பக்கம் போகவே வேண்டாம். காற்று உங்களைவிட வேகமாகப் பக்கங்களைப் புரட்டும்.

கடைசியாகப் பத்மநாபபுரம் அரண்மனை. தான் யார் கண்ணிலும் படாமல் மற்றவர்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு இவ்வளவு அழகாக மரவேலை செய்த இடம் இந்தப் பக்கத்தில் வேறில்லை. நவராத்திரி மண்டபத்தில் ஆட்டத்தைப் பார்க்க அரண்மனைப் பெண்களுக்கு மரச்சட்டத் தடுப்புகள் இருக்கின்றன. உள்ளிருந்து பார்த்தால் மண்டபம் தெரியும், வெளியிலிருந்து ஆள் தெரியாது. தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் அம்பாரி முகப்பிலிருந்து மகாராஜா ஊர்வலம் பார்த்தார். அரசனானாலும் வேடிக்கை பார்க்கத் தனி மாடம் கேட்கத்தான் செய்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் அரண்மனை மட்டும் கேரள அரசிடமே இருப்பதால், அங்கே நின்றபடி பக்கத்து மாநிலத்தை உள்ளேயிருந்தே வேடிக்கை பார்க்கவும் வசதி உண்டு. உட்கார விடமாட்டார்கள். திங்கட்கிழமை அடைத்திருக்கும்.

திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். குறைதீர்க்கும் நாள். வெளியே மனு எழுதிக்கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாவட்டத்தில் பேனாவும் கையுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பதை ஊர் மரியாதையோடு பார்க்கும் இடம் இது. பக்கத்து வீட்டுத் தென்னை நம் ஓட்டின் மேல் சாய்கிறது, பட்டாவில் பெயர் மாறவில்லை, முதியோர் பென்ஷன் மூன்று மாதமாக வரவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டு, அழுகையையும் திட்டையும் வடிகட்டி, ஒரே பக்கத்தில் ‘பெறுநர்’ முதல் ‘இப்படிக்கு’ வரை இறக்குகிறார்களே, சிறுகதை எழுத வருகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். நீங்களும் நோட்டைத் திறந்து ஓரமாக உட்கார்ந்தால் உங்கள் முன்னாலும் வரிசை சேரும். “எழுதுக பிள்ளதானே, இதையும் கொஞ்சம் எழுதித் தாரும்” என்று ஒரு பாட்டி பழைய ரேஷன் கார்டை நீட்டுவாள். எழுதிக்கொடுங்கள்.

அது முடிந்ததும் இன்னொரு தாள் எடுத்து, தேரூர் குளத்தங்கரையில் ஒரு வேப்ப மரமும் முதுகு சாய்க்க வசதியுள்ள ஒரு பெஞ்சும் வேண்டும் என்று நம் எல்லோர் சார்பிலும் ஒரு மனு எழுதி உள்ளே கொடுத்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.