கப்பல் பார்த்தல்: கீரிமலைக் கரையிலிருந்து ஒரு பூர்வாங்க ஆய்வு

கப்பல் பார்த்தல் என்பதில் பார்த்தல் செயப்படுபொருள் குன்றாவினை என்று இலக்கணகாரர் சொல்வார்கள். காங்கேசன்துறையில் அது நெடுங்காலம் குன்றிக் கிடந்தது. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்த பிறகு கப்பல் பார்க்கக் கரையில் ஆளில்லை. கடல் மட்டும் இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது.

ஆகவே இக்கட்டுரையின் ஆய்வுக் காலம் 2023 ஜூன் 16, வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. சென்னையில் புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை என்று சுற்றி வந்த ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் அன்று காங்கேசன்துறைக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 210 மீற்றர். உள்ளூர் அளவையில் சொல்வதானால், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை பாய்விரித்துப் போன ‘அன்னபூரணி’ 89 அடி. ஏழு அன்னபூரணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினாலும் எம்பிரஸில் கொஞ்சம் இடம் மிஞ்சும். வல்வெட்டித்துறைக்காரர் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. ஓடின தூரத்தையும் நீளத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். அதை மறுக்க எனக்குத் தைரியம் போதாது.

இன்னொரு தரவு. எம்பிரஸ் பிரான்சில் கட்டப்பட்டு, வேறு பெயரில், 1990இல்தான் ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறையும் அதே வருடம்தான் ஓடத் தொடங்கியது. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, ரயில் நின்றது, ஊர் ஓடியது. ரயில் திரும்பி வர 2015 ஜனவரி ஆயிற்று. இந்தக் கப்பலுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. தற்செயலைக் கண்டால் ஆய்வாளர் சும்மா கடந்துபோவதில்லை என்பதால் குறித்து வைக்கிறேன்.

இத்துறையில் வந்திறங்கிய முதற்பயணி யார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு குறைவு. மாவிட்டபுரம் கோயிலுக்கென்று கொண்டுவந்த காங்கேயன் சிலை இங்கேதான் இறங்கியது என்பது ஐதிகம். அதுவரை கயாத்துறையாக இருந்த இடம் காங்கேசன்துறையானது அதனால்தானாம். வந்திறங்கியவர் திரும்பிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வழிப் பயணம். துறைமுகத்துக்குத் தன் பெயரையே வைத்துவிட்டு ஊரோடு தங்கிவிட்டார். பின்னால் வந்த பயணிகள் எல்லாரையும் சனம் இந்த அளவுகோலால்தான் அளக்கிறது என்பது என் கருதுகோள்.

இனி மொழிச் சான்று. எங்கள் பேச்சில் கப்பலோடு சேரும் வினைகள் சிலதான்: ஏறுதல், ஏற்றிவிடுதல், வந்திறங்குதல், கவிழ்தல். கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக்கூடாது என்று பழமொழி தடை போடுகிறது. ஏறுவதில் மனிதரை விட மானத்துக்கே அனுபவம் அதிகம். துறைமுகம் பூட்டிக் கிடந்த வருடங்களிலும் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் யாரோ ஒருவருடைய மானம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. எந்தத் துறையால் ஏறியது, சுங்கம் எப்படி விட்டது என்பதற்குப் பதிவேடு இல்லை. ‘காலையில் வந்து, பார்த்துவிட்டு, பின்னேரம் போதல்’ என்பதற்கு மட்டும் எங்களிடம் ஒரு வினைச்சொல்லும் இல்லை. சொகுசுக் கப்பல் செய்வது அதைத்தான்.

களப்பணிக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள கீரிமலையைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் வசதி. ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் நன்னீர்க் கேணி, அந்தப்பக்கம் உப்புக்கடல். கேணியைப் பார்க்க வரும் பயணியையும் கப்பலைப் பார்க்க வரும் ஊரவரையும் ஒரே இடத்தில் நின்று கவனிக்கலாம். நேரத்தைக் கச்சான் சரையால் அளந்தேன். ஒரு சரைக் கச்சான், தோலை ஊதி ஊதித் தின்றால், ஏறக்குறைய பதினைந்து நிமிடம். முதற்சரை முடியுமுன் மாதிரிகள் கிடைத்துவிட்டன. ஊரவர் கையைப் புருவத்துக்கு மேல் குடைபோல வைத்துக் கடலைப் பார்த்தார்கள். பயணிகள் கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே பிடித்துக் கேணியைப் பார்த்தார்கள். நீச்சலடித்துக்கொண்டிருந்த பெடியள் இரண்டு தரப்பையும் பார்த்தார்கள். கையசைப்பில் பயணிகள் முந்தினார்கள். ஊரவர் அசைக்குமுன் பின்னால் திரும்பி, வேறு யாருக்கோ என்று உறுதிப்படுத்த முயன்றார்கள்.

இரண்டாம் சரையில் மொழிச்சிக்கல் எழுந்தது. சென்னைப் பக்கத்துப் பெண் ஒருவர், தொப்பி போட்டவர், மதிலோரம் இருந்த ஆச்சியிடம் தானாகவே சொன்னார்:

“ஆட்டோக்காரர்கிட்ட பேசிட்டேன் பாட்டி, இப்ப வந்துடுவாரு.”

“ஐயோ, ஏன் பிள்ளை பேசினனீங்கள்? அவன் பாவமெல்லே.”

“இல்ல பாட்டி, நல்லாத்தான் பேசினேன்.”

“நல்லாப் பேசினனீங்களோ!” என்று ஆச்சி நெஞ்சில் கை வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் பேசுவதென்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது. நான் குறுக்கிட்டு விளக்கியிருக்கலாம். களத்தில் தலையிட்டால் தரவு கெட்டுவிடும் என்பதால் கச்சானை உடைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டோ வந்தபோது, பேச்சு வாங்கியவனுக்குரிய கனிவோடு ஆச்சி சாரதிக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் காரணம் தெரியாமல் குடித்தார்.

அந்தப் பெண் நல்லூருக்குப் புறப்பட்ட பிறகு ஆச்சி என் பக்கம் திரும்பினார். ஆய்வின் முக்கிய பகுதி இதுதான்.

“மோனை, உது ஆற்றை கப்பல்?”

“இந்தியாவிலயிருந்து வருது ஆச்சி.”

“எங்கட ஆக்கள் ஆரும் வந்திறங்கினவையே?”

“இல்லை. இவை ஊர் பாக்க வந்தவை. பின்னேரம் போயிடுவினம்.”

“பாக்கவோ? எதை?”

நல்லூர், கோட்டை, நூலகம் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை, கண்ணுக்கு மேல் கையை வைத்து, கடலில் வெள்ளையாகத் தெரிந்ததை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“வடிவான கப்பல்தான். ஆனா பெட்டி ஒண்டையும் காணேல்லையே.”

இந்த ஒரு வசனத்துக்காகவே மூன்றாம் சரை வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் கடல் தாண்டி வருபவர் பெட்டியோடு வருவார். பெட்டிக்குள் சொக்லேற்றும், வாசச் சவர்க்காரமும், பிள்ளைகளுக்கு அளவு தப்பிய சட்டையும் இருக்கும். திறக்கும்போது வேறொரு நாட்டு வாசனை வரும். அயல் முழுக்க வந்து கதிரையில் இருக்கும். பெட்டியின் நிறையைக் கொண்டுதான் வந்தவர் எத்தனை நாள் நிற்பார், எத்தனை வீட்டுக்குப் போவார் என்று கணிப்பது. தண்ணீர்ப் போத்தலும் தொப்பியுமாகக் கடலைத் தாண்டி வரும் மனிதரை எப்படி எடுத்துக்கொள்வதென்று ஆச்சியின் அனுபவத்தில் விதி இல்லை. யாரோ செத்த வீட்டுக்கு அவசரமாக வந்தவர்கள்தான் அப்படி வருவார்கள். ஆனால் இவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆச்சியின் குழப்பம் எனக்கு நியாயமாகவே பட்டது.

ஒப்பீட்டுக்கு இன்னொரு கலம் வேண்டும் அல்லவா? 2023 ஒக்ரோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து ‘செரியபாணி’ பயணிகளோடு காங்கேசன்துறைக்கு வந்தது. கடல் வழியில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். சில நாட்களே ஓடிவிட்டு மாரிக்கு நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ அதே வழியில் ஓடத் தொடங்கியது. எம்பிரஸின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் தோணிகள்: மாடி மாடியாக உணவகம் இல்லை, நீச்சல் தடாகம் இல்லை.

சிவகங்கை ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் கீரிமலைக்குப் போனபோது ஆச்சியிடம் செய்தியைச் சொன்னேன். சின்னக் கப்பல் என்று முன்கூட்டியே எச்சரித்தும் வைத்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“பெட்டியோடையே வருகினம்?”

“ஓம் ஆச்சி. பெட்டி நிறுத்துத்தான் ஏத்துறாங்கள்.”

“அப்ப அது கப்பல்தான்,” என்றார்.