மரத்துக்குச் செல்லம் கொடுக்காதடா, பேராண்டி

வாடா பேராண்டி. புதுவீடு கட்டி, வாசல்ல பூமரமும் வச்சுட்டியாமே. சுத்திப் பார்த்தேன். மரம் எப்படி வைக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டணும்னா, பஸ் பிடிச்சு இங்கதான் கூட்டியாரணும்.

மயில்கொன்றையை எங்க வச்சிருக்க? காம்பவுண்டு சுவத்துல இருந்து ஒன்னரை அடி. மேல கரண்டுக் கம்பி, கீழ செப்டிக் டேங்க். பலே! மடகாஸ்கர் தீவுல இருந்து கடல் தாண்டி வந்த மரம். உன் சுவரைத் தாண்டுறதா அதுக்குப் பெரிசு? வேரு ஆழத்துக்குப் போகாது, மேலாகவே பரவும். கிளையும் சட்டுனு முறியும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ சென்னைத் தெருவுல சாஞ்சு கெடந்த மரத்துல இந்தச் சாதியும் ஏகப்பட்டது. அதுக்கடியில காரை நிறுத்தப் போறியாம்ல. நிறுத்து, நிறுத்து. இன்சூரன்சை மட்டும் மறக்காமக் கட்டிரு.

சரி, அந்தச் சரக்கொன்றைக் கன்னு ஏன் வாடி நிக்குதுன்னு மண்ணைக் கொஞ்சம் விலக்கினேன். கறுப்புப் பை எட்டிப் பாக்குது! பையோட நட்டிருக்க. வேரு வெளிய போக வழியில்லாம, உள்ளுக்குள்ளயே வட்டம் வட்டமாச் சுத்திக்கிட்டுக் கெடக்கு. கேட்டா, "பையைக் கிழிக்கணும்னு நர்சரிக்காரர் சொல்லலையே தாத்தா"ங்கிற. அவரு எதுக்குடா சொல்றாரு? பட்டுப்போனா நீ இன்னொரு கன்னு வாங்குவேல்ல.

காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி, இடையில ஒரு பிடி யூரியா. உன் வீட்டுக்கு வந்து ரெண்டு நாளாச்சு, எனக்கு இப்படி நேரத்துக்கு ஒரு காப்பி வரல. இந்த உபசாரத்துக்கு இலை நல்லாத் தழைக்கும். பூவைப் போட்டோவுலதான் பாக்கணும். மொத ரெண்டு கோடை வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை, மண்ணுல ஆழமா இறங்குற மாதிரி ஊத்து. அதுக்கப்புறம் கையைக் கட்டிக்க. வறண்ட காட்டுல தன்னால வளர்ற மரம்டா அது. கோடையில இலையைக் கொட்டிட்டு நிக்கும். உடனே பட்டுப்போச்சுன்னு அரிவாளைத் தூக்கிராத. சித்திரை வெயில் உச்சந்தலையில இறங்குறப்பதான் சரஞ்சரமா மஞ்சளைத் தொங்கவிடும். மலையாளத்துக்காரங்க விஷுக்கனிக்கு வைக்கிறது இந்தப் பூவைத்தான். கிளை கழிக்கணும்னா பூவெல்லாம் முடியட்டும்.

உன் மாமனார் வேற ஒரு முழ நீளத்துக்கு அதோட நெத்தைப் பொறுக்கிட்டு வந்திருக்காரு. விதைத்தோலு ரொம்பக் கெட்டி. ஒரு ஓரத்தைக் கல்லுல தேய்ச்சு, ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு ஊனச் சொல்லு. உள்ள இருக்கிற கறுப்புச் சதை இனிக்குதேன்னு சப்பிக்கிட்டு இருக்க வேணாம்னும் சொல்லு. நாட்டு வைத்தியத்துல அதைக் கொடுக்கிறதே வயித்தைக் கழுவத்தான். சம்பந்தியாச்சே, நான் போய்ச் சொன்னா நல்லாருக்காது.

கம்பிக்குக் கீழ பவழமல்லி வை, போதும். ராத்திரி பூத்து விடியிறதுக்குள்ள உதிர்ந்துரும். வாசல் கூட்டுறது யாருன்னு இப்பவே பேசி முடிச்சுக்க. மயில்கொன்றை ஆசை விடலன்னா, நம்ம ஊருணிக்கரையில கொண்டு போய் வை. அங்க அது இடிக்கிறதுக்குச் சுவரும் இல்ல, நசுக்கக் காரும் இல்ல. மூணடிக்கு மூணடி குழி எடு, மண்ணோட மக்குன தொழுவுரத்தைக் கலந்து போடு. ஆவணி, புரட்டாசியில நட்டா மிச்சத்தை ஐப்பசி மழை பாத்துக்கும். அடிமரத்தைச் சுத்தி சிமெண்டு மட்டும் பூசிராத, உனக்குப் புண்ணியமாப் போகும்.

பூக்க வருசம் சில ஆகும். அண்டை வீட்டுக்காரன், "இன்னும் பூக்கலையா?"ன்னு கேக்கத்தான் செய்வான். ரோஷப்பட்டு வெட்டிராதடா. உங்கப்பனுக்கு முப்பது வயசு வரைக்கும் புத்தி வரல. நான் வெட்டியா போட்டேன்?