2003: சங்கத்துக்கே என் ஓட்டு

எந்த வருஷத்தின் சிறந்த படம் எது என்று கேட்டாலும் தமிழ் சினிமா ரசிகர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனாலும் 2003-க்கு ஒரு தனி ருசி உண்டு. அந்த வருஷம் ரஜினி படமே கிடையாது. ‘பாபா’ முந்தைய வருஷமே வந்து போயிருந்தது, ‘சந்திரமுகி’ 2005-இல்தான் வந்தது. முதல் நாற்காலி காலியாக இருக்கும்போது உட்கார ஆசைப்படாதவர் யார்? பொங்கலுக்கு ‘தூள்’, ‘அன்பே சிவம்’, ‘வசீகரா’. மே தினத்தன்று ‘சாமி’. வெயில் தணிவதற்குள் ‘ஜெயம்’, ‘காதல் கொண்டேன்’, ‘காக்க காக்க’, ‘பாய்ஸ்’. தீபாவளிக்குப் ‘பிதாமகன்’. இதற்கிடையே சத்தமில்லாமல் ‘பார்த்திபன் கனவு’, கடலும் துறைமுகமுமாக ‘இயற்கை’. இவற்றில் எது சிறந்தது என்று இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கும் வழக்கில் என் தீர்ப்பு இது: அந்த செப்டம்பரில் வந்த ‘வின்னர்’. சிரித்து முடித்தவர்கள் மேலே படிக்கலாம்.

மற்ற வருஷங்களின் சண்டையில் இந்த நடிகரின் ஆள் அந்த நடிகரின் ஆளோடு மோதுவார். 2003-இலோ ஒரே நடிகரின் ஆட்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள். விக்ரமுக்கு மட்டும் அந்த வருஷம் நான்கு படங்கள். அதில் ‘காதல் சடுகுடு’வை அவருடைய ரசிகர்களே நாகரிகம் கருதி விட்டுவிடுவார்கள். மிச்சமிருக்கும் மூன்றில்தான் பாகப்பிரிவினை. திருநெல்வேலியில் பெருமாள் பிச்சையை ஒரு கை பார்க்கும் ‘சாமி’ ஆறுச்சாமி பெரியவரா, சுடுகாட்டில் வளர்ந்து வாயே திறக்காத ‘பிதாமகன்’ சித்தன் பெரியவரா? இரண்டு பக்கத்தாரும் ஒரே கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றியவர்கள் என்பதால் இந்தச் சண்டையில் பங்காளித் தகராறின் உக்கிரம் இருக்கும். சூர்யாவின் ஆட்களுக்கும் இதே அவஸ்தை. ‘காக்க காக்க’வின் அன்புச்செல்வனைத் தூக்கிப் பிடித்தால் ‘பிதாமகன்’ சூர்யாவுக்குத் துரோகம். பாட்டை வைத்தாவது முடிவுகட்டலாம் என்றால் ‘தூள்’, ‘அன்பே சிவம்’, ‘பார்த்திபன் கனவு’, ‘இயற்கை’ நான்குக்கும் இசை வித்யாசாகர்தான். மனிதர் எந்தப் பக்கம் நிற்பார்?

ஆகவே ஆளை விட்டுவிட்டு அளவுகோலுக்கு வருகிறார்கள். அங்கேதான் வேடிக்கை. ‘சாமி’ கட்சிக்கு ஒரே அளவுகோல் வசூல். எத்தனை நாள் ஓடியது, எந்த ஊரில் எத்தனை தியேட்டர் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்படியானால் 2018-இல் வந்த ‘சாமி ஸ்கொயர்’ பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் அவசர வேலை வந்துவிடும். ‘பிதாமகன்’ கட்சி தேசிய விருதைக் காட்டும். விக்ரமுக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்த நடுவர்கள் மகா ரசிகர்கள், சந்தேகமே இல்லை. அதே விருதுப் பட்டியலில் சிறந்த தமிழ்ப் படம் என்ற வரிக்கு நேரே எஸ்.பி.ஜனநாதனின் ‘இயற்கை’ இருக்கிறதே என்று விரலை வைத்துக் காட்டினால், டெல்லிக்காரர்களுக்குத் தமிழ் சினிமா பற்றி என்ன தெரியும் என்பார்கள். ஒரே பட்டியலில் ஒரு வரி வேதவாக்கு, இன்னொரு வரி அச்சுப்பிழை! ‘அன்பே சிவம்’ கட்சி இன்னும் நுட்பமானது. அந்தப் படம் தியேட்டரில் ஓடவில்லை என்பதையே தகுதிச் சான்றிதழாக நீட்டுவார்கள். காலத்தை முந்திய படம், 2004 டிசம்பரில் சுனாமி வருமுன்பே அதைப் பற்றிப் பேசிய படம் என்று சொல்லும்போது, வானிலை ஆய்வு மையத்துக்கு ஆள் எடுக்கிறார்களோ என்று தோன்றும். ஓடாததுதான் தகுதி என்றால், அந்தத் தகுதி பெற்ற படங்களுக்கு அந்த வருஷத்தில் பஞ்சமே இல்லை.

இதற்கு நடுவில் காலண்டர் தகராறு வேறு. 2004 பொங்கலுக்கு வந்த ‘விருமாண்டி’யை, வேலையெல்லாம் முந்தைய வருஷமே நடந்தது என்று சொல்லி 2003-க்குள் தள்ளப் பார்க்கும் ஆட்கள் உண்டு. சட்டப்படி இதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. தேசிய விருதுக்குப் படத்தின் வருஷம் என்பது தியேட்டருக்கு வந்த நாளை வைத்து அல்ல, சென்சார் சான்றிதழின் தேதியை வைத்துத்தான். டிசம்பர் கடைசியில் சான்றிதழ் வாங்கிய பொங்கல் படம் நமக்கு இந்த வருஷம், டெல்லிக்குப் போன வருஷம். இதைத் தெரிந்துகொண்ட ரசிகர் ஆபத்தானவர். அவரிடம் வருஷத்தைக் கொடுத்தால் ஜனவரியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒட்டிக் கொடுப்பார்.

கட்சிக்கொரு தராசு என்றால் தீர்ப்பு எப்படி வரும்? எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும். என் யோசனை எளியது. இந்த விவாதத்தை நடத்துவதற்கே எந்தப் படம் தேவைப்படுகிறதோ, அதுதான் அந்த வருஷத்தின் படம். ‘காக்க காக்க’வை ஒரு தடவைகூடக் குறிப்பிடாமல் ‘பிதாமகன்’ கட்சிக்காரர் மணிக்கணக்கில் பேசலாம். ‘சாமி’யை நினைக்காமலே ‘அன்பே சிவ’த்துக்கு ஆராதனை செய்யலாம். ஆனால் ‘வின்னர்’ இல்லாமல் எந்தக் கட்சியாலும் பத்து நிமிஷம் தாக்குப்பிடிக்க முடியாது. எதிராளி வசூல் கணக்கில் உளறி மாட்டிக்கொண்டு, மாட்டியதையே வெற்றி மாதிரி சொல்லிக்கொண்டு வெளியே போகும்போது, அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? ஆறுச்சாமி என்றா, அன்புச்செல்வன் என்றா? ‘வின்னர்’ வடிவேலுவின் பெயரான கைப்புள்ள என்றுதான். அவர் கோடு போடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வடிவேலு தரையில் ஒரு கோடு போடுகிறார். எதிரி கட்டதுரை ஆட்களோடு எதிரே நிற்கிறார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், பேச்சு பேச்சாக இருக்கவேண்டும் என்று ஒப்பந்தம். சவடால் ஏற ஏற இடுப்பு வளைகிறது, கை காற்றில் வீசுகிறது, கண் மட்டும் ஓடுவதற்கு வழி தேடுகிறது. இருபது வருஷ ரசிகர் விவாதத்தின் இலக்கணம் முழுக்க அந்தக் கோட்டில் இருக்கிறது. அடி வாங்கி வந்தபின் அடித்தவன் கதி என்னவோ என்று ஊர் பேசிக்கொள்ளும் இடத்தில், எத்தனையோ முதல் நாள் வசூல் அறிவிப்புகளும் அடக்கம்.

உடனே ஆட்சேபம் வரும், வரவேண்டியதுதான்: நீ சொல்வது படமே அல்ல, காமெடி டிராக். ‘வின்னர்’ கதையைச் சொல்லு பார்க்கலாம் என்பார்கள். பிரசாந்த் இருந்தார், கிரண் இருந்தார், எம்.என்.நம்பியார் வில்லத்தனத்தை விட்டுவிட்டுத் தாத்தாவாக வந்தார் என்பதற்கு மேல் என்னாலும் அழுத்திச் சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற படங்கள் மட்டும் முழுசாகவா நினைவில் நிற்கின்றன? ‘தூள்’ என்றதும் வருவது, பரவை முனியம்மா பாட நடக்கும் அந்தச் சண்டை. ‘காக்க காக்க’ என்றதும் ஹாரிஸ் ஜெயராஜ் பாட்டும், ஒட்ட வெட்டிய அந்தத் தலைமுடியும். ‘பிதாமகன்’ என்றதும், விக்ரம் கட்சிக்காரர்கள் மன்னிக்கவேண்டும், பலருக்கு முதலில் வருவது சூர்யாவின் வாயாடித்தனம்தான். எல்லாமே துண்டு துண்டாகத்தான் பிழைத்திருக்கின்றன. எந்தத் துண்டு அதிகம் புழங்குகிறது என்பதுதான் கேள்வி. 2013-இல் சிவகார்த்திகேயன் நடித்து ஒரு படம் வந்தது. அதற்கு வைத்த பெயரே ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’. கைப்புள்ள தலைமை தாங்கிய சங்கத்தின் பெயர், பத்து வருஷம் கழித்து, விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் போஸ்டரில் ஏறியது. முழுப் படமாக நிற்பது ‘அன்பே சிவம்’ ஒன்றுதான் என்று சொன்னால், அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

அதனால்தான் கடைசிச் சாட்சியாக ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறேன். ‘அன்பே சிவம்’ இயக்குநர் யார்? சுந்தர்.சி. ‘வின்னர்’ இயக்குநர் யார்? அதே சுந்தர்.சி, அதே 2003. மாதவனும் கமலும் மழையில் மாட்டிக்கொண்டு மனிதநேயம் பேசிய ஜனவரிக்கும், கைப்புள்ள கோடு போட்ட செப்டம்பருக்கும் நடுவில் எட்டு மாதம். ‘அன்பே சிவம்’ கட்சியிடம் இதைச் சொன்னால், கதை, திரைக்கதை கமல், வசனம் மதன், இயக்கமும் நிஜத்தில் கமல்தான், பெயர் மட்டுமே சுந்தர்.சி-யுடையது என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்தப் படத்தைக் காப்பாற்ற அதன் இயக்குநரையே டைட்டிலிலிருந்து அழிக்கத் துணிகிறார்கள். நான் டைட்டில் கார்டை நம்புகிறவன். இரண்டு படத்தையும் எடுத்தவர் என்ற முறையில், இந்த வழக்கில் பாரபட்சமில்லாமல் ஓட்டுப் போடக்கூடிய ஒரே ஆள் அவர். போட்டும்விட்டார். அடுத்த வருஷமே வடிவேலுவை பேக்கரியில் உட்கார வைத்து ‘கிரி’ எடுத்தார். 2006-இல் ‘தலைநகர’த்தில் தானே கதாநாயகனாகி வடிவேலுவின் நாய் சேகருக்குப் பக்கத்தில் போய் நின்றார். 2012-இல் ‘கலகலப்பு’. 2014-இல் தொடங்கிய ‘அரண்மனை’ 2024-இல் நான்காம் பாகத்தைத் தொட்டது. 2025-இல் ‘கேங்கர்ஸ்’, அதிலும் வடிவேலு. ‘அன்பே சிவம் 2’ எடுக்கச் சொல்லி அவரைக் கெஞ்ச நினைக்கும் கட்சிக்காரர்கள், முதலில் அவர் பெயரை டைட்டிலில் திரும்பச் சேர்க்கவேண்டியிருக்கும்.