வண்டிவயின் பிரிவு: செட்டிநாட்டை முன்வைத்து ஒரு முன்னாய்வு

இயல் 1: ஆய்வுப் பொருள்

தலைவன் எதற்காகவெல்லாம் தலைவியைப் பிரிந்து போகலாம் என்பதற்கு அகப்பொருள் இலக்கணத்தில் ஒரு பட்டியல் உண்டு. ஓதல், பகை, தூது ஆகிய மூன்றைத் தொல்காப்பியர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். பொருள் தேடிப் பிரிவதும் அதில் சேரும். ரங்கூன், சைகோன், பினாங்கு, கொழும்பு என்று கப்பலேறிப் போன செட்டிநாட்டு நகரத்தாருக்கு அந்தப் பிரிவை விளக்க உரையாசிரியர் யாரும் தேவைப்படவில்லை.

பட்டியலில் விடுபட்டுப்போன பிரிவு ஒன்று இருக்கிறது. ஓடாத ஒரு வண்டியை எடுத்து வருவதற்காக, ஓடுகிற இன்னொரு வண்டியில், பின்னால் ஒரு டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு, நெடுந்தூரம் போவது. இலக்கணம் கண்டுகொள்ளாத இந்த ஒழுக்கத்துக்கு இக்கட்டுரை ‘வண்டிவயின் பிரிவு’ எனப் பெயரிடுகிறது. திணை பாலை, நிலம் தேசிய நெடுஞ்சாலை. சிறுபொழுது மரபுப்படி நண்பகல்தான். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டமிடுவதும், வெயில் ஏறிய பிறகு கிளம்புவதும் இத்திணையின் உரிப்பொருளில் அடங்கும்.

ஆய்வின் கருதுகோள் ஒன்றே ஒன்று: சாலையில் ஓடுகிற வண்டியைவிட, ஏற்றிச் செல்லப்படும் ஓடாத வண்டிக்கே மரியாதை அதிகம்.

இயல் 2: முன்னோர் மொழிந்தவை

இத்துறையில் முதல் குரல் வள்ளுவருடையது. பெரிய தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது என்று ‘இடனறிதல்’ அதிகாரத்தில் அவர் எல்லை கட்டினார். ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டி ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்ற பழமொழி அந்த எல்லையைத் திருத்தியது. ஓட முடியாவிட்டால் என்ன, ஏறிக்கொள்ளலாமே என்பது பழமொழியின் வாதம்.

பழமொழியின் பக்கம் நிற்க இஸ்ரோவே சான்றாக வருகிறது. 1981இல், சுமார் 670 கிலோ எடையுள்ள ‘ஆப்பிள்’ செயற்கைக்கோள் மாட்டு வண்டியில் ஏற்றப்பட்டது. ஆன்டெனா சோதனையின்போது சுற்றிலும் உலோகம் இருந்தால் அளவுகள் பிசகும் என்பதால் மர வண்டி தேவைப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று ஏரியான் ராக்கெட்டில் அது விண்ணுக்குப் போனது. ஆக, அந்தச் செயற்கைக்கோளின் பயண வரலாற்றில் மாட்டு வண்டிக்கும் இடம் உண்டு, ராக்கெட்டுக்கும் இடம் உண்டு.

அமெரிக்காவின் ‘எண்டவர்’ விண்வெளி ஓடம் 25 முறை விண்ணுக்குப் போய்வந்தது. ஓய்வு பெற்றபின் 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்குச் சாலை வழியே கொண்டுபோனார்கள். தூரம் சுமார் 19 கிலோமீட்டர். பிடித்த நேரம் ஏறத்தாழ மூன்று நாள். இறக்கை இடிக்காமலிருக்க நானூறு மரங்கள் வெட்டப்பட்டன. ஒரு பாலத்தைக் கடக்கும்போது அதை இழுத்தது டொயோட்டா பிக்கப் வண்டி. விண்ணில் பறந்த காலத்தில் எண்டவருக்காக யாரும் ஒரு கிளையைக்கூட ஒடித்ததில்லை.

நம்மூர்ச் சான்று இன்னும் கனமானது. வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டியெடுத்த பெருமாள் சிலைப் பாறை, 240 சக்கர டிரெய்லரில் 2018 இறுதியில் பெங்களூருக்குப் புறப்பட்டது. டயர்கள் வெடித்தன, வழியில் கட்டடங்களின் முகப்புகள் இடிக்கப்பட்டன, ஆற்றைக் கடக்கத் தற்காலிகப் பாதை போட வேண்டியிருந்தது. 2019 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தது. நின்ற இடத்திலெல்லாம் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். 240 சக்கரங்களுக்கு யாரும் சூடம் காட்டியதாகத் தெரியவில்லை.

இயல் 3: ஏன் செட்டிநாடு?

ஏற்றிக்கொண்டு வருவது செட்டிநாட்டின் குலத்தொழில் என்றே சொல்லலாம். அங்குள்ள பெரிய வீடுகளில் பர்மாத் தேக்கு நிற்கிறது; இத்தாலியச் சலவைக்கல் கிடக்கிறது; பெல்ஜியம் கண்ணாடி தொங்குகிறது. இவை எதுவும் காரைக்குடிச் செம்மண்ணில் விளைந்தவை அல்ல. புதுக்கோட்டை, மானாமதுரை இடையிலான ரயில் பாதை 1930இல்தான் வந்தது. அதற்கு முன் எழுந்த வீடுகளின் ஒவ்வொரு தூணும் கடைசிக் கட்டத்தை மாட்டு வண்டியில்தான் கடந்திருக்க வேண்டும். தூண் நிமிர்ந்து நின்றதும் ஊர் அதை அண்ணாந்து பார்த்தது. வண்டிமாடு வைக்கோலைப் பார்த்தது. கருதுகோளுக்கு இது முதல் சான்று.

மோட்டார் வண்டியும் இப்பகுதிக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் கிழிக்காமலிருக்க, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் விட்டு அவற்றைப் பொறுக்கினார்கள் என்று சொல்வதுண்டு. வண்டிக்காக வண்டி போவது இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல என்பது இதனால் பெறப்படும்.

சமகாலச் சான்று பந்தயச் சாலையில் கிடைக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கோயில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் இல்லாமல் தீராது. பெரிய மாடு, சிறிய மாடு எனப் பிரிவுகள். தூரம் இன்றைக்கும் ‘போய்வர எட்டு மைல்’ என்று மைல் கணக்கில்தான் அறிவிக்கப்படுகிறது. பந்தய ஊருக்கு அந்த மாடுகள் எப்படி வருகின்றன? சரக்கு வேனில், வைக்கோல் மெத்தைமேல் நின்றபடி. அவை இழுக்க வேண்டிய வண்டியும் ஏதோ ஒரு வேனில் ஏறித்தான் வருகிறது. இழுப்பதும் இழுக்கப்படுவதும் ஒன்றாகப் பயணிகளாகிவிட்ட அரிய நிலை இது. இதற்கு இலக்கணத்தில் வேற்றுமை உருபு இல்லை.

இயல் 4: வகைப்பாடு

ஓடாத காரை ஊர் மாற்றும் முறைகளை மூன்று பள்ளிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது கயிற்றுப் பள்ளி. கயிறோ சங்கிலியோ கட்டி இழுப்பது. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் இப்பள்ளிக்கு விரிவான ஒழுக்க நெறி வகுத்திருந்தன: இரு வண்டிகளுக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, இழுபடும் வண்டியிலும் உரிமம் பெற்ற ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், இழுவையில் உள்ளது என்று 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் பின்னால் எழுதியிருக்க வேண்டும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2017இல் புது விதிமுறைகள் வந்துவிட்டன. ஆனாலும் ஆய்வு நோக்கில் பழைய கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. காரைக்குடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 400 கிலோமீட்டர். இருபத்துநாலால் வகுத்தால், டீக்கு நிற்காமல், பதினாறு மணி நாற்பது நிமிடம். பழுதான வண்டியை அருகிலுள்ள கராஜுக்கு இழுத்துப் போகலாம் என்றும் அவ்விதிகள் அனுமதித்தன. தம் காரைத் தொட்டுப் பார்க்கத் தகுதியுள்ள மெக்கானிக் மயிலாப்பூரில்தான் இருக்கிறார் என்று நம்புகிறவர்களுக்கு ‘அருகிலுள்ள’ என்ற சொல் மிகவும் இளகியது.

இரண்டாவது ஏற்றுப் பள்ளி. ரெக்கவரி வண்டியின் தட்டையான முதுகில் காரை வின்ச் வைத்து ஏற்றி, நான்கு சக்கரத்தையும் கட்டிவிடுவது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பான்மையோர் இப்பள்ளிக்காரர்களே. இதில் துன்பம் குறைவு. ஆகவே ஆய்வுக்கு மதிப்பும் குறைவு.

மூன்றாவது டிரெய்லர் பள்ளி. டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் போவது யாவரும் அறிந்தது. காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் மாட்டுவது நம் ஊரில் அபூர்வம். மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் டிரெய்லர் தனி வாகனம். அதற்குச் சொந்தமாகப் பதிவு எண் உண்டு. இழுக்கும் வண்டியின் எண்ணையும் அதன்மேல் காட்ட வேண்டும். பிறந்த வீட்டு எண் ஒன்று, புகுந்த வீட்டு எண் ஒன்று.

இயல் 5: முன்பாரமும் பின்பாரமும்

டிரெய்லரில் பாரம் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு மேலைநாட்டுக் கையேடுகள் ஒரு கணக்குச் சொல்கின்றன: மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இணைப்புக் கொக்கியின்மேல் அழுத்த வேண்டும். பாரம் பின்னால் ஒதுங்கினால் டிரெய்லர் பாம்பாக நெளியும். வேகம் கூடக்கூட நெளிவு பெருகி, முன்னால் போகும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

மாட்டு வண்டிக்காரர் இதைக் கையேடு இல்லாமலே அறிந்திருந்தார். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பும். நுகத்தடி உயர்ந்து பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் மாடு தலையைத் தொங்கப்போடும். இரண்டுக்கும் நடுவே நிறுத்த, வண்டிக்காரர் தானே முன்னும் பின்னும் நகர்ந்து உட்கார்ந்தார். பத்து விழுக்காடு என்பது அவருக்கு ஒரு முழம்.

பின்னோக்கி எடுப்பதே டிரெய்லரின் உச்சக்கட்டச் சோதனை. டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். கீழே நின்று ‘வரலாம், வரலாம், ரைட்ல ஒடி’ என்று குரல் கொடுப்பவருக்கு இது தெரியாது. தெரிந்தவர் குரல் கொடுக்க மாட்டார்.

இயல் 6: மாதிரிப் பயணம்

ஆய்வுக்கென ஒரு மாதிரியைக் கட்டமைத்துக்கொள்ளலாம். பொருள்: ஐயா காலத்து அம்பாசடர், 1968 மாடல். இருப்பிடம்: செட்டிநாட்டு வீடு ஒன்றின் கார் ஷெட். போகிறவர்கள்: சென்னையிலிருந்து பேரனும் அவன் மச்சானும், பந்தய மரபுப்படி சாரதி, துணைச்சாரதி. வாகனம்: பொலேரோவும் இரண்டு அச்சு டிரெய்லரும்.

முதல் தடை இயந்திரம் அல்ல, பங்காளிகள். செட்டிநாட்டு வீட்டைப் போலவே அதன் ஷெட்டில் நிற்பதும் பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பொது. கோலாலம்பூரில் ஒருவர், நியூ ஜெர்சியில் ஒருவர், கோவையில் இருவர். இருபது ஆண்டாக அந்தக் காரைத் திரும்பிப் பார்க்காத எல்லோருக்கும், டிரெய்லர் வருகிறது என்றதும் அதில் உட்கார்ந்து பிள்ளையார்பட்டிக்குப் போன நினைவு வந்துவிடுகிறது. உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. ஐம்பது வயது கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2021 விதிகளின்படி ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் பதிவும் பெறலாம்; கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. காட்சிக்கும் பேரணிக்கும், தொழில்நுட்ப ஆய்வுக்கும் ஓட்டலாம். ஆய்வு என்ற சொல்லைச் சட்டத்தில் பார்த்ததும் இக்கட்டுரைக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பிறகு ஏற்றும் படலம். காற்றுப் போன டயருக்குக் காற்றடித்து, நியூட்ரலில் போட்டு, தெருவே சேர்ந்து தள்ளிக் கார் டிரெய்லரில் ஏறுகிறது. பெல்ட் போட்டுக் கட்டி, முன்பாரம் சரிபார்த்து முடிக்கும் தருணத்தில் அப்பத்தா வெளியே வருகிறார்.

“ஏம்ப்பா, இம்புட்டுப் பெரிய வண்டி சும்மாவா போகுது? இந்த ரெண்டு ஜாடியையும் அதுக்குள்ள வச்சுக்கங்களேன்.”

ஊறுகாய் ஜாடி இரண்டு, தேன்குழல் டின் ஒன்று, சீப்புச் சீடை டின் ஒன்று, எனாமல் கூஜா, உரல். இடுப்புக் கொத்துச்சாவியை எடுத்து அப்பத்தாவே டிக்கியைத் திறக்கிறார், அடுக்குகிறார், பூட்டுகிறார். பத்து விழுக்காட்டுக் கணக்கு அந்த இடத்தில் முடிந்துபோகிறது. எது வேண்டுமானாலும் பின்பாரமாகலாம். அப்பத்தா கொடுத்ததை இறக்கிவைக்க வழியில்லை. கட்டிய பெல்ட்டை அவிழ்த்து, அம்பாசடரையே அரை முழம் முன்னே தள்ளுகிறார்கள்.

திருமயத்தில், கோட்டைச் சுவரை ஒட்டிச் சாலையைப் பார்த்து நிற்கும் பைரவரிடம் வண்டிகள் நின்று போவது வழக்கம். பொலேரோவும் நிற்கிறது. கருதுகோளின் மையச் சோதனை இங்கேதான். இறங்கி வருபவர்கள் கேட்பவை மூன்று: “என்ன மாடல்?”, “ஓடுமா?”, “குடுக்கிறதா?” மூன்றும் அம்பாசடரைப் பற்றியவை. பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைக்கச் சொல்லி ஒருவர் நீட்டுகிறார். துணைச்சாரதி அதை எந்தச் சக்கரத்தின் கீழ் வைத்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தரையைத் தொடாத சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்குவதில்லை. திருச்சி தாண்டும்வரை அது டிரெய்லரின் தளத்தில் முழுசாக உருண்டுகொண்டிருக்கிறது.

இயல் 7: முடிவுகளும் மேலாய்வுக் களங்களும்

கருதுகோள் நிறுவப்பட்டது. வழியெல்லாம் போட்டோவுக்கு நின்றது அம்பாசடர்; டீசல் குடித்தது, டோல் கட்டியது, சூடேறியது பொலேரோ. வீட்டுவாசலில் ஆரத்தியும் அம்பாசடருக்கே. தலைவி “ஒருவழியா வந்துச்சா?” என்று கேட்டதில் எழுவாய் யார் என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடலாம்.

மேலும் ஆராய வேண்டியவை: கூஜாவுக்கும் டிரெய்லர் நெளிவுக்கும் உள்ள தொடர்பு; ஊறுகாய் எண்ணெய் டிக்கியின் அடிவிரிப்பில் பரவும் வேகம்; அந்த டிக்கியைத் திறக்க வேண்டிய சாவி, காரைக்குடியில், பூட்டிய கையோடு பழக்கப்படி அப்பத்தாவின் இடுப்புக்கே போய்விட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் சாரதியா துணைச்சாரதியா என்பது. பல்லவன் எக்ஸ்பிரஸ் மாலையில் எழும்பூரிலிருந்து கிளம்பி இரவில் காரைக்குடி சேர்கிறது. மச்சானுக்கு ஒரு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.