கீழேயிருந்து வருகிறார்கள்

நீலகிரியில் சீசன் என்றால் ஏப்ரல், மே. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, மேட்டுப்பாளையத்திலிருந்தே வரிசைகட்டி நிற்கும் வண்டிகள். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டுக்கென்று மூன்றாவதாக ஒரு சீசன் இருப்பது மட்டும் சுற்றுலாத் துறைக்குத் தெரியாது. தீபாவளிக்கு ஆரம்பித்து, அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று நீண்டு, பொங்கல் கழிந்துதான் ஓயும். அந்தச் சீசனில் கீழேயிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். (கோயம்புத்தூரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை எல்லா ஊரையும் நாங்கள் 'கீழே' என்றுதான் சொல்வோம். ஆணவமெல்லாம் கிடையாது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், அவ்வளவுதான்.)

வருகிறவர்கள் ஃபோனில் தவறாமல் கேட்பார்கள்: "அங்க இப்ப குளிருதா?" குளிருகிறது, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நானும் தவறாமல் சொல்வேன். பட்டுப்புடவை வரும், கைமுறுக்கு வரும், ஊருக்கு ஊர் அல்வா வரும். ஸ்வெட்டர் வராது. "உங்க வீட்டுலதான் நிறைய இருக்குமே!" என்று பெட்டியை இறக்கும்போதே சிரிப்பார்கள்.

இருக்கும்தான். நான் ஸ்வெட்டர் பின்னுகிறவள். அது போதாதென்று நூலும் நூற்கிறவள். ஆனால் தீபாவளி சமயத்தில் என்னிடம் இருப்பவை ஸ்வெட்டர்கள் அல்ல, ஸ்வெட்டர் ஆகப்போகிறவை. இந்த முறை ஊசிகளில் இருந்தவை: எதிர்வீட்டு டீச்சருக்குக் கிறிஸ்துமஸுக்குள் தர வேண்டிய கேபிள் ஸ்வெட்டர், உடம்பு முடிந்து கை தொடங்காத நிலையில். (அவர்கள் வீட்டிலிருந்து வரும் பிளம் கேக்குக்கு எங்கள் வீட்டு அதிரசம் ஈடாகாது என்பது என் நெடுநாள் மனக்குறை.) தை மாதம் பிறக்கப்போகும் தம்பி பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு குல்லா, ஒரு ஜோடி காலுறை, அதில் ஒற்றைக் காலுறை மட்டும் தயார். சென்னையில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்குப் பூவேலை போட்ட சால்வை. இதற்கெல்லாம் கீழே, கட்டிலடியில், ஒரு சாக்கு ஆட்டு ரோமம்.

மதுரையிலிருந்து வந்த நாத்தனார், இறங்கிய அன்று மாலையே பல் தந்தியடிக்க டீச்சரின் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டாள். "கை இல்லாட்டி என்ன அண்ணி, புடவைக்கு இப்படித்தான் நல்லா இருக்கு." அது கழுத்திலிருந்து கீழே இறக்கிப் பின்னும் ஸ்வெட்டர். கைக்கு வேண்டிய கண்ணிகளை அவிழ்ந்துவிடாமல் ஒரு மிச்ச நூலில் கோத்து நிறுத்தி வைத்திருப்போம். என்னுடையது கருநீல ஸ்வெட்டர், கோத்திருந்தது பளிச்சென்ற மஞ்சள் நூல், கண்ணில் படட்டும் என்றுதான். நாத்தனாரின் கண்ணில் பட்டது. "ஏதோ நூல் பிரிஞ்சு தொங்குச்சு அண்ணி, உருவிட்டேன்" என்று சுருட்டிக் கையில் கொடுத்தாள். இரண்டு தோளிலும் வாய் திறந்து நின்ற கண்ணிகள் அவள் சோம்பல் முறிக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. நான் அவள் பின்னாலேயே குரோஷா ஊசியோடு அலைந்தேன். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல முடியுமா? வந்த விருந்தாளி, அதுவும் நாத்தனார்.

தம்பி திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனி. தீபாவளிக்குத் திருப்பூர் மூடினால் வேலையாட்கள் சொந்த ஊர் போய்த் திரும்பும்வரை மிஷின் ஓடாது, அதுவரைக்கும் அவன் எங்கள் வீட்டில். அவனும் நானும் ஒரே தொழில் என்பது அவன் எண்ணம். 30 அங்குல விட்டம், 24 கேஜ் என்றால் அவன் மிஷின் ஒன்றில் 2,000-க்கு மேல் ஊசிகள் வட்டமாக நின்று பின்னும். என்னிடம் இரண்டு. என் வேலையை எடுத்து இருபுறமும் இழுத்துப் பார்த்து, "ஜிஎஸ்எம் என்னக்கா வரும்?" என்பான். தீபாவளி ஆர்டர் நெருக்கினால் ரெண்டு ஷிஃப்ட்டாக ஓட்டச் சொல்வான். இந்த முறை, டீச்சர் ஸ்வெட்டருக்குக் காஸ்ட்டிங் போட்டே தீருவேன் என்று உட்கார்ந்தான். நூல் விலை, என் நேரத்துக்குத் திருப்பூர் டெய்லர் கூலி, மின்சாரம் (ராத்திரி விளக்கு). கணக்கு முடிந்ததும் கால்குலேட்டரை அணைத்துவிட்டு, "இதை வெளிய சொல்லிடாதேக்கா" என்றான்.

அதில் நூற்ற நேரத்தை அவன் சேர்க்கவே இல்லை. பெரியவர்கள் ஸ்வெட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் நூல் வேண்டும். இரட்டைப் புரி நூல் என்றால் முதலில் 2,000 மீட்டர் ஒற்றை இழை நூற்று, இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக இன்னொரு 1,000 மீட்டர் முறுக்க வேண்டும். ஆக, குன்னூரிலிருந்து வெலிங்டன் பக்கம் நடந்து போகிற தூரத்தை விரலால் கடந்த பிறகுதான் பின்ன உட்காரவே முடியும். "அவசரமில்லை, பொங்கலுக்குள்ள குடுத்தா போதும்" என்று கேட்பவர்களுக்கு இது தெரியாது. சொன்னால், "கடையில நூல் கிடைக்கலையா?" என்று இரக்கத்தோடு விசாரிக்கிறார்கள்.

ரோமம் நீலகிரி ஆட்டினுடையது. அந்த ஆட்டின் வம்சாவளி ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக் காணும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டாட்டோடு டாஸ்மேனியாவிலிருந்து வந்த மெரினோ, ஸ்காட்லாந்து எல்லைக் குன்றுகளின் செவியட், தென் இங்கிலாந்தின் சவுத்டவுன் எல்லாம் சம்பந்தம் செய்துகொண்டதில் பிறந்த இனம். யார் பங்கு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது, குடும்பங்களில் அப்படித்தான். பிறகு சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் மறுபடி மெரினோ கலந்து சாண்டினோ என்று ஒரு புது இனத்தையும் உருவாக்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வளர்ப்பது அசல் பழைய குடும்பம். ரோமம் வெட்டியதும் ஒரு சாக்கு அனுப்பிவைப்பார். கூடவே முள், சருகு, புழுக்கை.

கழுவாமல் நூற்க முடியாது. கழுவுவதற்குக் கை பொறுக்காத வெந்நீர் வேண்டும், பூந்திக்கொட்டை நுரை வேண்டும், அலசாத பொறுமை வேண்டும். சூட்டில் கசக்கினால் ரோமத்தின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஜமுக்காளமாகிவிடும். எனவே வாளியில் அமுக்கிவைத்து, தொடாமல், காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் இரவு அப்படி ஒரு வாளியை மூடி குளியலறை மூலையில் வைத்திருந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் முதலாவதாக உள்ளே போனவர் நாத்தனார் வீட்டுக்காரர். கரண்ட் இல்லை. வெந்நீர் என்று நினைத்து மூடியைத் திறந்து கைவிட்டிருக்கிறார். கைக்கு வந்தது வெதுவெதுப்பாக, நனைந்து, ரோமத்தோடு. அந்த அண்ணன் போட்ட சத்தத்தில் எங்கள் தெருவில் முதல் வெடி எங்கள் வீட்டுடையது என்று ஆகிவிட்டது.

காயவைப்பது தனிக்கதை. கீழே ஐப்பசி அடைமழை என்றால் குன்னூரில் அதற்கு மேலேயும் கொஞ்சம். ஈர ஆட்டுவாசனைக்கு நடுவில் அதிரசம் சுட்டோம். கணப்புக்கு மேல் கொடிகட்டி ரோமம், அதற்குப் பக்கத்தில் குழந்தைகளின் சாக்ஸ். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து மலை ரயில் ரத்து என்று செய்தி வந்தது. ரயிலில் ஏறாமல் ஊருக்குப் போகமாட்டோம் என்று குழந்தைகள் அடம்பிடித்தார்கள். பெரியவர்கள் குழந்தைகளைக் கண்டிக்கவில்லை.

தீபாவளியன்று நாத்தனாரின் பெரிய பையன் வரும் வழியில் வாங்கிய ஸ்வெட்டர் ஒன்றைக் காட்டினான். பியூர் வுல், பேரம் பேசி 350 ரூபாய். "அத்தை, இது உங்க ஸ்வெட்டரை விட வழவழன்னு இருக்கு பாருங்க." இருந்தது. சாயங்காலம் கம்பி மத்தாப்புப் பொறி ஒன்று அவன் தோளில் விழுந்தது. அசல் கம்பளியில் பொறி விழுந்தால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், கருகும், தானே அணைந்துவிடும். கருகியதை விரலால் தேய்த்தால் பொடியாகும். அவன் தோளில் நூல் உருகி, மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு உருண்டை கெட்டிப்பட்டு நின்றது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அந்த உருண்டையை நகத்தால் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் கிடைத்த சந்தோஷம் பட்டாசில் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்பார்கள். எந்த வேலை எவ்வளவு தொந்தரவு தாங்கும் என்று தெரிந்திருந்தால் நடக்கும். பூவேலைச் சால்வைக்கு வீடு தூங்க வேண்டும். கண்ணி எண்ணும்போது பக்கத்தில் யாரும் எண் பேசக் கூடாது. தம்பியோ அப்போதுதான் காரமடையில் சென்ட் விலை சொல்லுவான். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று என்று போய்க்கொண்டிருப்பவள் அடுத்ததாக எட்டரை லட்சத்துக்குத் தாவிவிடுவேன். கேபிள் வேலையைப் பேச்சுச் சத்தத்தில் செய்யலாம், சண்டைச் சத்தத்தில் முடியாது. குல்லா, காலுறை எல்லாம் சீரியல் ஓடும்போதே ஆகும்.

எல்லாவற்றையும் தாங்குவது தக்கிளிதான். அதைப் பள்ளிக்கூடத்தில் கற்றேன். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் மிச்சமாக எங்கள் பள்ளியில் நூற்பு வகுப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சுதந்திரம் வாங்கித் தந்த கருவியால் நாங்கள் பெரும்பாலும் முன்பெஞ்சுப் பெண்ணின் சடையை முறுக்கினோம். பஞ்சில் நூற்பது கஷ்டம். இழை குட்டை, முறுக்கு சற்றே தளர்ந்தாலும் அறுந்துவிடும். ஆட்டு ரோமம் நீளம், பிறவியிலேயே சுருள், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கொஞ்சம் கனமாக மரத்தில் தக்கிளி கடைந்து வைத்திருக்கிறேன். குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் கை நீளத்துக்குப் பலமுறை இழை இறங்கிவிடும். பாதியில் யார் கூப்பிட்டாலும் இழையைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகலாம், எண்ணிக்கை எதுவும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. இன்னொரு வசதி, தக்கிளி சுற்றுகிறவளிடம் யாரும் தேங்காய் துருவச் சொல்வதில்லை. காந்தி படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை; நூற்கிற பெண்மணியைத் தொந்தரவு செய்யக் கூச்சப்படுகிறது. பின்னுகிறவளுக்கு இந்த மரியாதை கிடையாது.

அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மேன் என்கிற பின்னல் மேதை 1974-இல் மாதத்துக்கு ஒரு வேலை என்று பஞ்சாங்கம் மாதிரி ஒரு புத்தகம் போட்டார். ஜனவரிக்கு ஏரன் ஸ்வெட்டர், ஜூலைக்கு வட்டச் சால்வை. டிசம்பருக்கு, கடைசி நேர அவசர ஸ்வெட்டர். என் மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். படித்துவிட்டு அந்த அம்மாள் மேல் மிகுந்த மதிப்பு வந்தது. ஆனால் அவருக்கு டிசம்பர் ஒரு மாதம்தான். மார்கழி என்று ஒன்று அதன்மேல் ஏறிக்கொண்டு, விடிகாலைக் கோலம், கோயில் வெண்பொங்கல் என்று ஜனவரிக்குள் இழுத்துக்கொண்டு போவதில்லை.

டீச்சரின் ஸ்வெட்டருக்குக் கை முளைத்துவிட்டது. நாத்தனார் அதைக் கழற்றியது ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு. ஒற்றைக் காலுறையைச் சின்னப் பையன் செல்ஃபோனுக்கு உறையாக்கிக் கொண்டுபோய்விட்டதால் குழந்தைக்கு இன்னும் ஒரு ஜோடியே பாக்கி. சால்வை மட்டும் சொன்ன தேதிக்கு முன்னால் சென்னை போய்ச் சேர்ந்தது.

சம்பந்தியம்மாவுக்கு ஏன் சால்வை என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் மார்கழிக் குளிர் என்பது காலையில் குரங்குக் குல்லா போட்டு நடைபோகும் பெரியவர்களின் நம்பிக்கை. நிஜக் குளிர் இருக்குமிடம் சபா ஹால். ஏசியில் மூன்று மணிநேரம் உட்கார்ந்து ராகம் தானம் பல்லவி கேட்பதற்கு எங்கள் ஊர் உறைபனிக்கு உண்டான உடுப்பு வேண்டும். அதனால் நீலகிரி ரோமத்திலேயே மெல்லிதாக நூற்று, சன்னமாகப் பின்னி அனுப்பியிருந்தேன்.

மகள் ஒரு ஃபோட்டோ அனுப்பினாள். முன்வரிசைக்கு அடுத்த வரிசை; என் சால்வை மூன்று நாற்காலிகளின் மேல் விரிந்து கிடக்கிறது. மனிதர் யாரும் இல்லை. மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, முந்தியவருக்கு இடம். சம்பந்தியம்மா கேண்டீனில் இருந்திருக்கிறார்.

அன்று இரவே அவர் ஃபோன் செய்தார். "சால்வை பிரமாதம் சம்பந்தி! கைக்குட்டை, பர்ஸு எல்லாம் வெச்சா எடுத்துக் கீழ போட்டுட்டு உக்காந்துடறாங்க. இதை எடுக்க யாருக்கும் மனசு வரமாட்டேங்குது."

"குளிருக்கு எப்படிங்க இருக்கு?"

"குளிருக்குப் புடவைத் தலைப்பு போதுங்க. அடுத்த வருஷம் எங்க நாத்தனார் ரெண்டு பேரும் கூட வராங்க. இன்னும் கொஞ்சம் நீளமாப் போட முடியுமா?"

நாற்காலி அகலத்தை மட்டும் சரியாக அளந்து சொல்லச் சொன்னேன்.